தடுப்பாட்டக்காரரை 18 வயதில் எடைபோடுவது குறித்து

ஈரோட்டு நண்பர், 18 வயதுக்குள் புள்ளிகளை (கோல்களும் கோலுக்கு உதவிய பாஸ்களும்) குவித்து, இளம் வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் வரைவுத் தேர்வின் முதல் சுற்றிலேயே இடம்பெற்றாலன்றி, ஐஸ் ஹாக்கி தடுப்பாட்டக்காரருக்கு வட அமெரிக்காவின் முதன்மை லீக்கான என்ஹெச்எல்லில் எதிர்காலமே இல்லை என்று எழுதியிருப்பது தவறு. 1989 தேர்வில் 53ஆவதாக எடுக்கப்பட்ட நிக்லாஸ் லிட்ஸ்ட்ரோம், சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நாரிஸ் விருதை 7 முறை வென்றார். எந்த அணியும் தேர்ந்தெடுக்காத மார்க் ஜியோர்டானோ 2019இல், தம் 35ஆவது வயதில், அதே விருதைப் பெற்றார்.

புள்ளிகளைப் புறக்கணிக்கச் சொல்லவில்லை. ஆனால் பவர்பிளேயில், அதாவது தண்டனையால் எதிரணியில் ஆள் குறைந்திருக்கும் நேரத்தில், அதிகம் இறக்கப்படுபவருக்கு அவை எளிதாகச் சேரும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். கண்ணபுரம் சந்தையில் காளைக்கன்று பிடிப்பவர்கூட உயரத்தை மட்டும் பார்த்து விலை பேசுவதில்லை. தன் பக்கத்து மூலையில் கிடக்கும் பக்கை (ஆட்டத்தின் ரப்பர் வட்டை) எடுக்க விரையும் இளைஞர், அதைத் தொடுவதற்கு முன்பே தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்து, துரத்தி வருபவர் எந்தப் பக்கம் வருகிறார் என்பதை அறிந்து, முதல் பாஸை எங்கே கொடுப்பது என முடிவெடுத்துவிடுகிறாரா என்று கவனியுங்கள்; என் பார்வையில் இதுவே முதன்மையான அடையாளம். பின்னோக்கிச் சறுக்கும்போது எதிராளிக்கு, தன் அணியின் தற்காப்புப் பகுதி தொடங்கும் நீலக்கோட்டில் எவ்வளவு இடைவெளி விடுகிறார் என்பதும் முக்கியம். இவை எதுவும் புள்ளிப் பட்டியலில் வராது. ஆட்டத்தை முழுமையாகப் பார்த்தால்தான் தெரியும்.