சலானால் பிரீமியம் ஏறாது
போக்குவரத்து அபராதம் கட்டினால் அடுத்த வருடம் வண்டி இன்சூரன்ஸ் பிரீமியமும் ஏறும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன்; அது அமெரிக்கக் கணக்கு. அங்கே விதிமீறலுக்கு லைசென்சில் பாயின்ட் ஏற்றுவார்கள். வடபழனி சிக்னலில் பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி ஹெல்மெட் போடவில்லை என்று எனக்கு 1000 ரூபாய் சலான் வந்தது (2022 அக்டோபருக்கு முன் வெறும் 100). ஸ்கூட்டர் பாலிசியைப் புதுப்பித்தபோது அதனால் ஒரு பைசா கூடவில்லை. கையைக் கடித்தது வேறு: உடைந்த மட்கார்டுக்கும் இண்டிகேட்டருக்கும் 1,400 ரூபாய் கிளெய்ம் வாங்கப் போய், நான்கு வருடமாகச் சேர்ந்திருந்த 45 சதவீத நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் வாங்காமல் இருந்தால் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) மொத்தமும் போச்சு. மூன்றாம் நபர் பிரீமியம் (நம் வண்டியால் அடுத்தவருக்கு ஆகும் பாதிப்புக்கானது) அரசு நிர்ணயிப்பது, அது அப்படியேதான் இருந்தது. அப்புறம், இன்சூரன்ஸ் இல்லாமலே ஓட்டலாம் என்று சொல்பவர்களுக்கு: போலீஸ் பிடித்தால் முதல் தடவையே 2000 ரூபாய் அபராதம்.