பிரசவ லீவுச் சம்பளத்தை யார் கொடுப்பது?

கடந்த வாரம் நமது நகரத்தில் எல்லோரும் பகிர்ந்துகொண்ட, கடையொன்றின் அந்த வேலைவாய்ப்பு விளம்பரத்தைப் பற்றி எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். "திருமணமாகாத பெண் பிள்ளைகள் மட்டும் விண்ணப்பிக்கவும்" என்ற அந்த வரியைவிட, அதற்குக் கீழே நமது ஊர்க்காரர்கள் எழுதிய பதில்கள்தான் என்னை எழுத வைத்தன. "வேலை செய்யாத ஆளுக்குச் சம்பளம் கொடுக்க அவர் என்ன தருமமா செய்றார்?" என்று பிரசவ லீவுச் சம்பளத்தைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். அதற்கு விருப்பம் தெரிவித்தவர்களில் நான் மதிக்கும் ஆசிரியர்களும் இருந்தார்கள்; அரச உத்தியோகத்தில் இருந்துகொண்டு முழுச் சம்பளத்துடன் பிரசவ லீவை அனுபவித்த சகோதரிகளும் இருந்தார்கள். முதலாளியின் விளம்பரத்தில் எனக்குக் கோபம் வந்தது. உங்களுடைய விருப்பக் குறிகளைப் பார்த்தபோது மனம் நொந்துபோனது.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான். சம்பளத்துடனான பிரசவ லீவு இருக்கத்தான் வேண்டும், அது தகப்பனுக்கும் கிடைக்க வேண்டும். ஆனால் அந்தச் சம்பளத்தை, அந்தப் பெண்ணை வேலைக்கு வைத்திருக்கும் ஒரே ஒரு முதலாளியின் தலையில் கட்டிவிடும் முறை மாற வேண்டும். பெண்களை வைத்திருப்பவர், ஆண்களை மட்டும் வைத்திருப்பவர் என்ற வேறுபாடில்லாமல் எல்லா முதலாளிகளும் ஒரு பொது நிதிக்குப் பணம் கட்ட வேண்டும், அரசும் தன் பங்கை அதில் இட வேண்டும், லீவுச் சம்பளம் அந்த நிதியிலிருந்து வர வேண்டும்.

இதை நான் முதலாளிமாரை வெறுத்துச் சொல்லவில்லை. மட்டக்களப்பு மாவட்டத்தில் ஏறாவூரிலிருந்து களுவாஞ்சிகுடி வரை பல சிறிய கடைகளுக்கும் அரிசி வியாபாரிகளுக்கும் நான்தான் சம்பளப் பட்டியல் தயாரிக்கிறேன், மாதம் தவறாமல், ஊழியரின் ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதிக்கான படிவங்களை நிரப்புகிறேன். அவர்களுடைய கணக்கு அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு எனக்கும் தெரியும். நான்கு பேர் வேலை செய்யும் ஒரு கடையில் 30,000 ரூபா சம்பளம் பெறும் ஒரு பெண் பிரசவ லீவில் சென்றால், வார விடுமுறையும் போயா (பௌர்ணமி) தினங்களும் நீங்கலாக 84 நாட்களுக்கு அந்த முதலாளி ஏறத்தாழ ஓர் இலட்சம் ரூபாவைக் கொடுக்க வேண்டும். அவருடைய இடத்தில் அதுவரை இன்னொருவரை அமர்த்தினால் அவருக்கும் சம்பளம். ஒரு நல்ல மாதத்திலும்கூட அந்தக் கடையில் மிஞ்சும் பணம் எவ்வளவு என்று நான் பார்த்திருக்கிறேன், அதனால் அந்த முதலாளியின் பயத்தைப் பொய் என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்தப் பயத்தின் விலையை யார் செலுத்துகிறார்கள் என்று பாருங்கள். பெண்களை வேலைக்கு எடுத்து, சட்டப்படி நடந்து, லீவுச் சம்பளத்தையும் கொடுக்கும் முதலாளிக்கு ஓர் இலட்சம் ரூபா செலவு. "திருமணமாகாதவர்கள் மட்டும்" என்று விளம்பரம் போட்டு, கலியாண அழைப்பிதழ் வந்ததும் பெண்ணை மெதுவாக வெளியே அனுப்பிவிடும் முதலாளிக்கு ஒரு சதமும் செலவில்லை. நேர்மையானவனைத் தண்டித்து, தப்பிப்பவனுக்குப் பரிசு கொடுக்கும் ஏற்பாடு இது. கர்ப்பமாக இருக்கும் காரணத்துக்காக ஒரு பெண்ணை வேலையிலிருந்து நிறுத்தக்கூடாது என்று சட்டம் சொல்கிறது. வேலைக்கே எடுக்காமல் விட்டால் என்ன செய்வது? அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை பால் அடிப்படையிலான பாரபட்சத்தைத் தடுக்கிறது, ஆனால் அடிப்படை உரிமை வழக்கு என்பது அரசின் நிருவாகச் செயலுக்கு எதிராகத் தொடுக்கப்படுவது. பிரதான வீதியில் உள்ள ஒரு கடையின் விளம்பரத்துக்கு எதிராக அதைக் கொண்டு போக முடியாது. ஆகவே பணம் எங்கிருந்து வருகிறது என்பதை மாற்றாமல் விட்டுவிட்டு முதலாளிமாருக்குப் புத்தி மட்டும் சொல்லிக்கொண்டிருப்பதால் எந்தப் பெண்ணுக்கும் வேலை கிடைக்கப் போவதில்லை.

நமது மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் 1939ஆம் ஆண்டில் வந்தது. வெள்ளைக்காரன் காலத்தில், தோட்டங்களையும் ஆலைகளையும் மனத்தில் வைத்து, முதலாளியே கொடுக்க வேண்டும் என்று எழுதப்பட்ட ஏற்பாடு அது. அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, 1919இல், சர்வதேச தொழிலாளர் அமைப்பின் முதலாவது மகப்பேற்றுச் சமவாயம் (சர்வதேச உடன்படிக்கை) இந்தப் பணம் பொது நிதியிலிருந்து அல்லது காப்புறுதியிலிருந்து வரவேண்டும் என்று சொல்லியிருந்தது. 1952இல் வந்த 103ஆம் இலக்கச் சமவாயம் இன்னும் வெளிப்படையாக, எந்தச் சந்தர்ப்பத்திலும் தனியொரு முதலாளி இந்தச் செலவுக்குப் பொறுப்பாகக்கூடாது என்கிறது. அந்தச் சமவாயத்தை 1993இல் இலங்கை ஏற்று உறுதிப்படுத்தியது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. "நீங்கள் வெளிநாட்டுக் கதை பேசுகிறீர்கள்" என்று என்னிடம் சொல்ல வருபவர்கள், இது நமது நாடு கொடுத்த வாக்கு என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

என்னுடைய கதையையும் சொல்கிறேன். 2018இல் சட்டம் திருத்தப்படும் வரை, முதல் இரண்டு பிள்ளைகளுக்குத்தான் 84 நாள், மூன்றாவது பிள்ளைக்கு 42 நாள் மட்டும். என் கடைசி மகன் அந்தத் திருத்தத்துக்கு முன்னர் பிறந்தவன். மூன்றாவது பிள்ளையைப் பெற்ற உடம்பு பாதி நாளில் ஆறிவிடும் என்று எந்த வைத்தியர் சொன்னாரோ தெரியவில்லை. அப்போது நான் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருந்தேன். திரும்பிப் போன முதல் நாள், என் மேசையில் வேறொரு பிள்ளை அமர்ந்திருந்தாள். வரவுப் பதிவேட்டில் என் பெயருக்கு மேல் சிவப்பு மையினால் கோடு இழுக்கப்பட்டிருந்தது. முகாமையாளர் கோபமாகப் பேசவில்லை, மிகவும் அன்பாகத்தான் பேசினார். "தங்கச்சி, நீங்க வீட்டில இருந்து பிள்ளையைப் பாருங்க, பிள்ளை வளர்ந்த பிறகு வாங்க, பாப்பம்" என்றார். நான் சட்டத்தைச் சொல்லிப் போராடி அந்த வேலையில் ஒட்டிக்கொண்டேன். ஒரு வயது வரை பிள்ளைக்குப் பாலூட்டுவதற்கென நேரம் ஒதுக்க வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது, ஆனால் பிள்ளை வீட்டில், நான் அலுவலகத்தில். பால் கட்டி நெஞ்சு கனக்கும்போது பழைய கோப்புப் பெட்டிகள் அடுக்கிய அறையின் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு தேநீர்க் குவளையில் பாலைப் பீய்ச்சி, அதைக் கழுவு தொட்டியில் ஊற்றிவிட்டு, நனைந்த சட்டையை மறைக்கச் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு வந்து மீண்டும் கணக்குப் பார்த்திருக்கிறேன். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுக்கும்படி குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னது சரி. அதை எப்படிச் செய்வது என்பதை இந்த நாட்டின் சட்டமும் சுகாதாரத் திணைக்களமும் ஒன்றாக அமர்ந்து எனக்குச் சொல்லியிருக்க வேண்டும். இன்றைய 84 நாளும்கூட ஆறு மாதத்துக்கு எட்டாது.

"உங்கட அம்மா இருந்திருப்பாதானே?" என்று கேட்பீர்கள். நமது பக்கத்தில் மகளுக்கு வீடு கொடுத்து, மருமகனை அந்த வீட்டுக்கு அழைத்துக்கொள்வது வழக்கம், ஆகவே பெற்ற தாய் பக்கத்தில் இருப்பார், பிள்ளையைப் பார்ப்பதற்கு ஆள் இருக்கும் என்பது எல்லோருடைய எண்ணம். என் அம்மா அப்போது குவைத்தில் வேறொரு வீட்டுப் பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். என் வீட்டுக்குக் கூரை போட்டது அந்தக் காசுதான். வாவிக்கு மேற்கே படுவான்கரையிலும் கிழக்கே எழுவான்கரையிலும் எத்தனை வீடுகளில் அம்மம்மா இல்லை, அல்லது அம்மாவே இல்லை என்று உங்களுக்குத் தெரியாதா? என் கணவர் ஒரு நெல் ஆலையில் லொறி ஓட்டினார். பெரும்போக அறுவடைக் காலம். பிள்ளை பிறந்த இரவு வந்தார், மறுநாள் விடியற்காலையில் போய்விட்டார், ஏனென்றால் போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. தனியார் துறையில் தகப்பனுக்குச் சட்டப்படி ஒரு நாள்கூட லீவு கிடையாது. அரச உத்தியோகத்தருக்குக்கூட மூன்று நாள்தான். தன் பிள்ளையை மடியில் வைத்துப் பார்ப்பதற்கு ஓர் ஆணுக்கு மூன்று நாள் போதுமென்று முடிவெடுத்தவர்கள், பிள்ளை வளர்ப்பு பெண்ணின் வேலை என்பதையும் அதே கையால் எழுதிவிட்டார்கள். சுவீடன் 1974இலேயே தாய்க்குரிய லீவைத் தாய் தகப்பன் இருவருக்கும் உரிய லீவாக மாற்றி, அதைச் சமூகக் காப்புறுதியிலிருந்து கொடுத்தது. நாம் அந்த அளவு பணக்கார நாடு இல்லை, தெரியும். இரண்டு வாரம் கொடுக்க வேண்டாமா?

இனி, பதில் எழுதத் தயாராக இருப்பவர்களுக்கு.

"பிள்ளை பெறுவது உங்கள் சொந்த விருப்பம், அதற்கு நாங்கள் ஏன் காசு கட்ட வேண்டும்?" என்று கேட்பவர்களே, நீங்கள் ஓய்வுபெற்று வீட்டில் இருக்கும் காலத்தில் உங்களுக்கு ஊசி போடப்போகும் தாதியும், உங்கள் வயலுக்கு அறுவடை இயந்திரம் ஓட்டிவரப்போகும் பையனும் இன்று யாரோ ஒரு பெண் பெறுகிற பிள்ளைகள்தான். வயலில் வாய்க்கால் துப்புரவு செய்யும் செலவை வாய்க்கால் ஓரத்துக் காணிக்காரனிடம் மட்டும், வயல் தண்ணீரைப் பொறுப்பாகப் பார்க்கும் வட்டவிதானை வாங்குகிறாரா? தண்ணீர் பாயும் ஏக்கர் எல்லாவற்றுக்கும் பங்கு போட்டுத்தானே வாங்குகிறார்? நான் கேட்பதும் அதே பங்கீட்டைத்தான்.

"எங்கள் தாய்மார் வயலில் பெற்றுவிட்டு மறுநாள் நாற்று நட்டார்கள்" என்ற பேச்சுக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. அந்தத் தாய்மாரில் எத்தனை பேர் பிரசவத்தில் செத்துப் போனார்கள் என்பதை உங்கள் வீட்டு மூத்தவர்களிடமே கேளுங்கள்.

கொஞ்சம் நியாயமான கேள்வி ஒன்றும் இருக்கிறது. பொது நிதி என்று ஒன்றைத் தொடங்கினால் அரசு அதில் கை வைக்காதா? 2023இல் உள்நாட்டுக் கடனை மறுசீரமைக்கிறோம் என்று சொல்லி, ஊழியர் சேமலாப நிதி வைத்திருந்த திறைசேரி முறிகளை (அரசின் கடன் பத்திரங்களை) குறைந்த வட்டியும் நீண்ட தவணையும் கொண்டவையாக மாற்றினார்களே என்று ஒரு தம்பி உள்பெட்டியில் கேட்டிருந்தார். உண்மைதான், எனக்கும் அந்தப் பயம் உண்டு. நான் மாதாமாதம் நிரப்பும் அந்தப் படிவங்களில் இருப்பது நான் நேரில் பார்த்துப் பேசும் மனிதர்களின் பணம். ஆனால் அதற்காக யாராவது சேமலாப நிதியை இழுத்து மூடச் சொன்னார்களா? இல்லை. தொழிலாளர் பிரதிநிதிகளை நிருவாகத்தில் இருத்துங்கள், கணக்கை ஆண்டுதோறும் பகிரங்கமாக வெளியிடுங்கள் என்றுதான் கேட்டார்கள். பிரசவச் சம்பளம் என்று வரும்போது மட்டும், களவு போய்விடும் என்பதால் நிதியே வேண்டாம் என்கிறீர்கள்.

இதற்குப் புதிதாக ஒரு திணைக்களமும் கட்டத் தேவையில்லை. ஊழியரிடம் 8 வீதமும் முதலாளியிடம் 12 வீதமும் சேமலாப நிதிக்குப் போகின்றன. அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி 3 வீதம் கட்டுகிறார். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வீதம். அந்த நம்பிக்கைப் பொறுப்பு நிதி உறுப்பினரின் இருதய சத்திரசிகிச்சைக்கு உதவுகிறது, கண் வில்லைக்குக் கொடுக்கிறது, ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்த பிள்ளைக்கும் கொடுக்கிறது. நானே பலருக்கு அந்த விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். இருதயம் பழுதானால் எல்லோரும் சேர்ந்து சுமக்கலாம், பிள்ளை பரீட்சையில் சித்தியடைந்தால் எல்லோரும் சேர்ந்து மகிழலாம், அந்தப் பிள்ளை பிறக்கும்போது மட்டும் அதன் செலவு ஒரு கடைக்காரரின் தனிப் பாடு! 30,000 ரூபா சம்பளத்துக்கு அரை வீதம் மேலதிகமாகக் கட்டினால் ஓர் ஊழியருக்கு மாதம் 150 ரூபா. அரை வீதம் போதுமா, ஒரு வீதம் வேண்டுமா என்பதைக் கணக்கு வல்லுநர்கள் தீர்மானிக்கட்டும். நான் இதைச் சொல்லிக் கேட்ட முதலாளிமாரில் ஒருவர்கூட "வேண்டாம்" என்று சொல்லவில்லை. ஒரேயடியாக ஓர் இலட்சம் கொடுப்பதைவிட மாதாமாதம் சிறிது கட்டுவது அவர்களுக்கும் நிம்மதி.

கூலிக்கு நாற்று நடும் பெண்ணுக்கும், வீட்டில் இடியப்பம் அவித்து விற்கும் பெண்ணுக்கும் இதில் என்ன இருக்கிறது என்று கேட்டால், இன்றைய முறையில் ஒன்றுமே இல்லை. முதலாளி இல்லாத பெண்ணுக்கு முதலாளி கொடுக்கும் லீவுச் சம்பளம் எங்கிருந்து வரும்? அரசு தன் பங்கைப் போட்டு நடத்தும் நிதி என்றால், அவர்களையும் என்றாவது ஒருநாள் உள்ளே கொண்டுவரக் கேட்கலாம். இன்று கேட்பதற்கே இடமில்லை.

அரச உத்தியோகத்தில் இருக்கும் என் சகோதரிகளிடம் கடைசியாக ஒன்று கேட்க வேண்டும். அரச ஊழியருக்கான விதிகளைக் கொண்ட தாபனக் கோவைப்படி உங்களுக்கு 84 நாள் முழுச் சம்பளம், விரும்பினால் இன்னொரு 84 நாள் அரைச் சம்பளம், அதற்கு மேலும் சம்பளமற்ற லீவு. அதை நான் ஒருபோதும் பொறாமைப்பட்டுப் பேசியதில்லை, நீங்கள் பெற்றது சரி. ஆனால் அந்தப் பணம் யாருடையது? அந்த நெல் ஆலை லொறிக்காரரும், அந்தக் கடையில் நிற்கும் பெண் பிள்ளையும் வாங்கும் ஒவ்வொரு பொருளிலும் கட்டும் வரிதான் அது. அவர்கள் உங்கள் பிரசவத்துக்குப் பங்கு கொடுத்திருக்கிறார்கள். அவர்களுடைய பிரசவம் என்று வந்ததும், "முதலாளி பாவம்" என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

அந்த விளம்பரத்துக்கு விண்ணப்பிக்கலாமா என்று என்னிடம் கேட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒருத்திக்கு ஆவணியில் கலியாணம். விண்ணப்பத்தில் அதை மறைக்கட்டுமா என்று கேட்டாள். மறைக்காமல் எழுதிக் கொடு மகள் என்றுதான் சொல்லியிருக்கிறேன். நேர்முகத் தேர்வுக்கு அழைக்காவிட்டால், காரணத்தைக் கேட்டு நானே அந்தக் கடைக்குப் போவேன். போகும்போது, பொது நிதி கோரித் தொழில் அமைச்சுக்கு எழுதிவைத்திருக்கும் கடிதத்தையும் எடுத்துப் போவேன், அந்த முதலாளியிடமும் அதில் கையெழுத்துக் கேட்பேன். வர்த்தகர்களில் சிலர் ஏற்கெனவே கையெழுத்திட்டிருக்கிறார்கள். கையெழுத்திட விரும்புகிறவர்கள் உள்பெட்டிக்கு வாருங்கள்.