முக்கால் வயலினுக்கு இல்லாத விதி

அந்தப் போட்டி வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். முழங்கைக்குக் கீழே வலக்கை இல்லாத சிறுமி, தோல் உறையில் வில்லைப் பொருத்தி வயலின் வாசித்தாளே, அதுதான். 'சிறப்புக் கருவி' என்று மதிப்பெண்ணே போடாமல், தன்னம்பிக்கைப் பரிசும் பொன்னாடையும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கீழே வரிசையாகக் கைகூப்பு இமோஜி.

ஏன் ஐயா மதிப்பெண் போடவில்லை? உறையா வாசித்தது? உற்றுப் பாருங்கள், மணிக்கட்டு செய்யவேண்டிய வேலையை அவள் தோள் செய்கிறது. சுருதி எங்கேயும் விலகவில்லை.

அதே மேடையில் பொடிசுகள், சின்னக் கைகளுக்காகச் சிறிதாகச் செய்த அரை வயலினும் முக்கால் வயலினும் வைத்திருந்தார்கள். "கை வளர்ந்ததும் வா" என்று யாராவது திருப்பி அனுப்பினார்களா? உடம்புக்கு ஏற்ற கருவி. அவ்வளவுதான் விஷயம்.

உடனே 'மரபு' என்று வருவார்கள். வயலினே ஐரோப்பாவிலிருந்து வந்தது. தரையில் உட்கார்ந்து, அதன் தலையைக் காலில் ஊன்றி, நம் வசதிக்குத்தானே மாற்றிக்கொண்டோம்? பழனி சுப்பிரமணிய பிள்ளை இடக்கைக்காரர். மிருதங்கத்தைத் திருப்பி வைத்துத்தான் வாசித்தார். அவர் மேதை இல்லையா?

டெஃப் லெப்பார்ட் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் டிரம்மர் ரிக் ஆலன் 1984 கடைசி நாளில் நடந்த விபத்தில் இடக்கையை இழந்தார். அந்தக் கையின் வேலையைக் கால் பெடல்களுக்கு மாற்றி மின்னணு டிரம் செட் அமைத்தார்கள். 1986இல் மறுபடி மேடையில் இருந்தார். பிரிட்டனில் ஒரு கையால் வாசிக்கும் கருவிகளுக்காகவே 2011இல் ஓமி என்று ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். இங்கே பொன்னாடை.

செலவு அதிகம் என்பீர்கள். சரி, சிலவற்றுக்கு அதிகம்தான். தோல் உறைக்குமா?

எனக்கு ஏன் இவ்வளவு எரிகிறது என்றால், என் தம்பிக்குப் பிறவியிலேயே இடக்கையில் இரண்டு விரல்தான். புல்லாங்குழல் என்றால் உயிர். பாட்டு வாத்தியார் அன்பாகத்தான், "உனக்கு இது போதும்பா" என்று ஜால்ராவைக் கொடுத்தார். ஆண்டுவிழாப் படங்களில் எல்லாம் ஓரமாக ஜால்ராவோடு நிற்பான். மேற்கத்தியக் குழலில் பத்து விரல்காரர்களுக்கே எட்டாத துளைகளைச் சாவி வைத்து மூடுகிறார்கள். இவனுக்கு நாலு சாவி வைத்தால் குழல் கோபித்துக்கொள்ளுமா? யாரும் யோசிக்கவில்லை. பாராட்டத்தான் நேரம் இருந்தது.

'நல்ல மனதோடு செய்ததை ஏன் குறை சொல்கிறாய்' என்று இன்பாக்ஸில் இருவர் கேட்டுவிட்டார்கள். உங்கள் பிள்ளைக்கு மதிப்பெண் போடாமல் மனதை மட்டும் கொடுத்தால் சும்மா இருப்பீர்களா?

இந்தப் பதிவின் கீழே 'கை இல்லாதவளே சாதிக்கிறாள், நமக்கென்ன' என்று யாராவது எழுதினால், சொந்தக்காரராகவே இருந்தாலும் பிளாக்தான்.