6 அடி வட்ட மேசையில் 12 பேரா?
"6 அடி வட்ட மேசையில் 12 பேர் தாராளமா உட்காரலாம், 300 பேருக்கு 25 மேசை போதும்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். தாராளமெல்லாம் கிடையாது. 72 அங்குல மேசையின் சுற்றளவு சுமார் 226 அங்குலம். 12 பேருக்குப் பிரித்தால் தலைக்கு 19கூட வராது. நாற்காலி அகலமே 16, 18 ஆகிவிடும். முழங்கை இடிக்கும், பக்கத்துத் தட்டின் மேல் டம்ளர் ஏறும். மேசைக்கு 10 பேர் வைத்து 30 மேசை போடுங்கள். விளிம்புக்கு விளிம்பு 5 அடியாவது விடுங்கள். இருபுறமும் நாற்காலியைப் பின்னால் இழுத்த பிறகு மிஞ்சும் சந்தில்தான் பரிமாறுகிறவர் நுழைய வேண்டும்.

விரிப்பும் அப்படித்தான். மேசை உயரம் 30 அங்குலம் என்றால் தரை தொட 132 அங்குல வட்ட விரிப்பு வேண்டும். 120 எடுத்தால் அரை அடி தூக்கிக்கொண்டு நிற்கும், மேசைக்கால் போட்டோவில் விழும்.