ரெடிமிக்ஸில் கலப்பது சர்க்கரையா?

“ரெடிமிக்ஸ் கான்கிரீட்டில் சர்க்கரையைக் கலக்கிறார்கள், வீடு இடிந்துவிடும்” என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. எதிலிருந்து தயாரானது என்பதை வைத்து ஒரு பொருளையே தவறாகச் சொல்கிறார்கள்.

பெரும்பாலும் கலப்பது சோடியம் குளுக்கோனேட். மக்காச்சோள மாவிலிருந்து எடுத்த குளுக்கோஸ்தான் இதன் மூலப்பொருள், அதுவரை சரி. ஆனால் பல்லேடியம் அல்லது தங்கத் துகள் ஏற்றிய கரியை வினையூக்கியாக வைத்து, காரக் கரைசலில் ஆக்சிஜனைச் செலுத்தினால், குளுக்கோஸின் ஆல்டிஹைடு முனையில் ஓர் ஆக்சிஜன் அணு சேர்ந்து அது குளுக்கோனிக் அமிலமாகிவிடும். அதன் உப்புதான் இது. ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்ற பூஞ்சையைக் கொண்டும் தயாரிக்கிறார்கள். எப்படிச் செய்தாலும் அது சர்க்கரை இல்லை.

எதற்குச் சேர்க்கிறார்கள்? ரெடிமிக்ஸ் என்பது ஆலையில் கலந்து, லாரியின் சுழலும் டிரம்மில் வரும் கான்கிரீட். சித்திரை வெயிலில் அந்த லாரி நெரிசலில் நின்றால், டிரம்முக்குள்ளேயே கலவை இறுக ஆரம்பித்துவிடும். கொத்தனார் அதில் தண்ணீர் ஊற்றி இளக்குவார். வலிமையை உண்மையில் கெடுப்பது அந்தத் தண்ணீர்தான்! குளுக்கோனேட் சிமென்ட் துகள் மேல் படிந்து இறுகலைச் சில மணி நேரம் தள்ளிப்போடும். 50 கிலோ மூட்டைக்குச் சில பத்து கிராம் போதும். சரியான அளவில் சேர்த்தால், கான்கிரீட் 28 நாளில் எட்ட வேண்டிய வலிமை குறையாது.

அளவு மீறினால் கான்கிரீட் நாள்கணக்கில் இறுகாமல் கிடக்கும், அந்தப் பயம் நியாயமானது. அதனால் எதை எவ்வளவு சேர்த்தார்கள் என்று காட்டும் கலவைச் சீட்டையும், 7, 28 நாள் கியூப் சோதனை (கான்கிரீட் கனசதுரத்தை அழுத்தி உடைத்து வலிமை பார்ப்பது) முடிவுகளையும் கேட்டு வாங்குங்கள். இத்தகைய கலவைப் பொருள்களுக்கு ஐ.எஸ். 9103 என்ற இந்தியத் தரநிலையும் இருக்கிறது.