அந்த வீடியோவுக்குச் சிரித்தவர்களுக்கு

மூன்று நாளாக அந்த வீடியோ வந்துகொண்டே இருக்கிறது. நான்கு வாட்ஸ்ஆப் குழுக்களில். இங்கே சிங்கப்பூரில் ஓர் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே கல்மேசையில் படுத்திருந்த வீடில்லாத ஒருவரை எழுப்பி, அவர் தனக்குத்தானே பேசுவதைப் படம்பிடித்து, பின்னணியில் காமெடி இசை வேறு. கீழே நம் ஆட்களின் கருத்து: "உட்பிரிட்ஜுக்கு அனுப்புங்கப்பா."

மனநல மருத்துவமனைக்கு உட்பிரிட்ஜ் என்ற பெயர் போய் 30 வருடத்துக்கு மேல் ஆகிறது, மனநலக் கழகம் என்று சொல்லப் பழகுங்கள். சரி, அனுப்பிவிட்டீர்கள். சிகிச்சை கொடுப்பார்கள், கொஞ்சம் தெளிவார், வீட்டுக்குப் போகச் சொல்வார்கள். எந்த வீட்டுக்கு?

என் சித்தப்பா எட்டு மாதம் வெளியில் படுத்தவர். மருத்துவரைப் பார்க்க வரச் சொல்லும் கடிதம் அடையாள அட்டையில் இருந்த முகவரிக்குப் போனது. விவாகரத்தின்போதே விற்ற வீடு அது. அவர் போகவில்லை. "ஒத்துழைக்க மாட்டேங்கிறார்" என்று என்னிடம் சொன்னார்கள். நானும் நம்பி, மாத்திரை ஏன் போடலை என்று அவரிடம் கத்தினேன்.

"போட்டா செத்தவன் மாதிரி தூங்கிடுவேன்மா. பையைத் தூக்கிட்டுப் போயிடுவானுங்க."

இரண்டு தடவை போயிருந்தது. இரண்டாவது தடவை செருப்பும் சேர்த்து.

அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: முதலில் கதவுள்ள ஓர் இடம், கூடவே சிகிச்சை. அதுவரைக்கும் மருத்துவம் அவர் படுக்கும் இடத்துக்கு வர வேண்டும். தினமும் மாத்திரைக்குப் பதிலாக மாதம் ஒருமுறை போடுகிற ஊசி இருக்கிறது. தொண்டூழியர்கள் ராத்திரி பத்து மணிக்கு பீஹூன் பொட்டலத்தோடு அவர்களைத் தேடிப் போகிறார்கள். கூடவே ஒரு தாதி போக முடியாதா?

"இங்கே உதவிக்கா பஞ்சம்?" என்று ஒருவர் கேட்பார். பஞ்சம் என்று நான் எங்கே சொன்னேன்? வெளியில் படுப்பவர்களுக்கு உதவ அரசாங்கமும் தொண்டு அமைப்புகளும் சேர்ந்து நடத்தும் பியர்ஸ் கட்டமைப்பு 2019-இலிருந்து இருக்கிறது. தேவாலயங்களில்கூட இரவில் படுக்க இடம் விடுகிறார்கள். மனநல உதவி எண் 1771-ஐ 24 மணி நேரமும் அழைக்கலாம், கைப்பேசியில் சார்ஜ் இருந்தால். அரசாங்க வாடகை வீடும் உண்டு. ஆனால் தனியாள் பெரும்பாலும் முன்பின் தெரியாத ஒருவரோடு ஒரே சின்ன வீட்டில் இருக்க வேண்டிவரும். எல்லோரும் தன்னைக் கொல்லப் பார்க்கிறார்கள் என்று நம்புகிறவரை அப்படி வைத்தால் எத்தனை நாள் இருப்பார்?

2022-இல் அரசாங்கம் ஓர் இரவு எண்ணியபோது வெளியில் படுத்திருந்தவர்கள் 530 பேர். "அவ்வளவுதானே" என்பவர்களுக்கு: ஆமாம், அவ்வளவுதான். என் புளோக்கிலேயே அதைவிட அதிகம் இருப்பார்கள். அதனால்தான் எல்லோருக்கும் இடம் கொடுக்க முடியும் என்கிறேன்.

"குடித்துக் கெட்டவன்." சித்தப்பா குடித்தார்தான். வெள்ளிக்கிழமை ராத்திரி தேக்காவில் நீங்கள் குடிப்பது பன்னீர் சோடாவா?

தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தலில் நின்று யார் எவர் என்று பார்க்காமல் மோர் ஊற்றுகிற அதே அண்ணன்தான் அந்த வீடியோவை எனக்கு முதலில் அனுப்பியவர். மூன்று சிரிப்பு முகங்களோடு. சித்தப்பா கதை அவருக்குத் தெரியும். சொந்தக்காரர்தானே. இதை எழுதியதற்கு அவர் கோபித்துக்கொள்வார், கோபிக்கட்டும். எங்கள் குடும்பத்தில் ஒருத்தரும் சித்தப்பாவைக் கூப்பிட்டு வைத்துக்கொள்ளவில்லை. நானும்தான்.

வீடியோவை இன்னொரு முறை பாருங்கள். அவர் தூங்கும்போது பையின் வாரைக் கையில் இரண்டு சுற்று சுற்றி வைத்திருக்கிறார். சித்தப்பா மூன்று சுற்று சுற்றுவார்.