பழைய கணினி இணையச் சேவையகமாக இயங்காதா?

“4 ஜிபி நினைவகம் இல்லாத கணினியில் இணையதளத்தை இயக்கவே முடியாது, அதைப் பழைய இரும்புக் கடையில் போட வேண்டியதுதான்” என்று சேலத்து மாணவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் வலம்வரும் செய்தி தவறானது.

இணையச் சேவையகத்தின் அடிப்படை வேலை, கேட்கப்பட்ட கோப்பை எடுத்து அனுப்புவது மட்டுமே. 1990-இல் ஜெனீவா அருகேயுள்ள செர்ன் இயற்பியல் ஆய்வகத்தில், உலகளாவிய வலையை (World Wide Web) உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ அமைத்த முதல் சேவையகம், நெக்ஸ்ட் நிறுவனத்தின் அக்காலத்துக் கணினி ஒன்றில்தான் இயங்கியது. யாரும் அணைத்துவிடக் கூடாது என்று அதன்மேல் கையால் எழுதிய சீட்டு ஒட்டப்பட்டிருந்தது. அதைவிட வலுவான சான்று, 1982-இல் வெளிவந்த கொமடோர் 64: வெறும் 64 கேபி நினைவகமும் ஏறத்தாழ 1 மெகாஹெர்ட்ஸ் வேகமும் கொண்ட அந்தக் கணினியிலேயே, நிரலாளர் ஆடம் டங்கல்ஸ் சிறிய கணினிகளுக்காக உருவாக்கிய கான்டிகி இயங்குதளத்தின் துணையுடன் இணையப் பக்கங்களை வழங்க முடிந்தது.

அச்செய்தியில் ஓரளவு உண்மை இருப்பது மறையாக்கத்தை, அதாவது தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றி அனுப்புவதைப் பொறுத்தவரை மட்டுமே. இன்றைய உலாவிகள் எதிர்பார்க்கும் எச்டிடிபிஎஸ் (HTTPS) எனும் மறையாக்கப்பட்ட இணைப்புக்கான கணக்கீடுகள் இத்தகைய பழைய கணினிகளுக்குப் பெருஞ்சுமை என்பதால், அப்பணியை பார்வையாளரின் கோரிக்கையை முதலில் பெறும் புதிய கணினி ஒன்றிடம் ஒப்படைத்துவிட்டு, பக்கங்களை மட்டும் பழைய கணினியிலிருந்து வழங்கச் செய்யலாம்.